கோவை தோட்டக்கலையா, கிள்ளிகுளம் வேளாண்மையா?

கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அம்மிணி பிளஸ் டூ முடித்துவிட்டாள். வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறோம். எங்களுக்கு மஞ்சளும் வாழையும்தான் வெள்ளாமை. அவள் மார்க்குக்கு வேளாண்மைப் படிப்பு கோவையில் கிடைப்பது சிரமம், கிள்ளிகுளத்தில் கிடைக்கலாம் என்கிறார்கள். கோவையிலேயே தோட்டக்கலை எடுக்கலாமா? இல்லை, வீட்டுக்குப் பக்கத்தில் தனியார் கல்லூரியில் சேர்த்துவிடலாமா?"

'கோவை' என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் அந்த ஒரே வளாகத்துக்குள் வேளாண் கல்லூரி, தோட்டக்கலைக் கல்லூரி, வேளாண் பொறியியல் கல்லூரி எல்லாம் தனித்தனி. கலந்தாய்விலும் ஒவ்வொரு கல்லூரியும் படிப்பும் தனி விருப்பம்தான். ஆக உங்கள் கேள்வி ஊரைப் பற்றியது போலத் தெரிந்தாலும் உண்மையில் பட்டத்தைப் பற்றியது. கிள்ளிகுளத்தில் படித்தாலும் கோவையில் படித்தாலும் பட்டம் கொடுப்பது ஒரே பல்கலைக்கழகம். ஆனால் வேளாண்மைப் பட்டமும் தோட்டக்கலைப் பட்டமும் ஒன்றல்ல. அரசுத் தேர்வில் வேளாண் அலுவலர் பதவிக்கு முன்னது வேண்டும், தோட்டக்கலை அலுவலர் பதவிக்குப் பின்னது வேண்டும். வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வை இரண்டு பேரும் எழுதலாம்.

தோட்டக்கலை என்றதும் நம் ஊர்க்காரர்கள் ரோஜாத் தொட்டியை நினைத்துக்கொள்கிறார்கள். கிணற்றுப் பாசனக் காட்டையே 'தோட்டம்' என்று சொல்கிற நாம் இப்படி நினைப்பதுதான் வேடிக்கை. உங்கள் மஞ்சள், வாழை இரண்டுமே தோட்டக்கலைப் பயிர்கள். வேளாண்மைப் படிப்பில் அவற்றுக்குக் கிடைக்கும் இடம் குறைவு. படித்துவிட்டு வந்து நிலத்தைப் பார்க்கிற எண்ணம் அவளுக்கு இருந்தால் கோவை தோட்டக்கலையைத்தான் சொல்வேன். வேளாண் அலுவலர் வேலைதான் குறி என்றால், ஊருக்காகப் பட்டத்தை மாற்ற வேண்டாம். கிள்ளிகுளம் போகட்டும்.

கிள்ளிகுளம் தூத்துக்குடி மாவட்டத்தில், வல்லநாட்டுப் பக்கம் இருக்கிறது. தாமிரபரணி பாயும் வயலும் உண்டு, மழையை நம்பிய கரிசலும் உண்டு. கடைசி வருடத்தில் 'ராவே' என்று பிள்ளைகள் சொல்கிற கிராமப் பயிற்சி வரும். அப்போது சுற்றியுள்ள ஊர் விவசாயிகளோடுதான் பழக வேண்டும். பவானி வாய்க்கால் தண்ணீரைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைக்கு அது நல்ல படிப்பு. தூரத்துக்கும் பயப்பட வேண்டாம்: கோவை–நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் இரவில் ஈரோடு வழியாகத்தான் போகிறது, திருநெல்வேலியில் இறங்கிக்கொள்ளலாம்.

கோவையின் பெருமை பொய்யில்லை. 1912இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் உள்ளேயே இருக்கிறது. அதே வருடம் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிறுவனமும் அதே ஊரில்தான். ஆனால் இளநிலை மாணவிக்கு அதில் கைக்கு எட்டுவது கொஞ்சம்தான். அதெல்லாம் முதுநிலைக்காரர்களின் உலகம். நூலகமும், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற சீனியர்களின் கூட்டமும்தான் உண்மையான லாபம். கிள்ளிகுளம் மாதிரிச் சின்ன வளாகத்தில் ஆசிரியருக்கு உங்கள் பெண்ணின் பெயர் தெரிந்திருக்கும். அதையும் நான் குறைவாக எடை போட மாட்டேன்.

தனியார் இணைப்புக் கல்லூரி என்றால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள், பண்ணையைப் பாருங்கள். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, மாணவர்களே நட்ட பயிர் நிற்கிறதா, துறைவாரியாக ஆசிரியர்கள் இருக்கிறார்களா? ஐ.சி.ஏ.ஆர். (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) அங்கீகாரம் உண்டா என்றும் கேளுங்கள். வெளி மாநிலத்தில் மேற்படிப்பு என்று வரும்போது அது இல்லாதது குறுக்கே நிற்கலாம். கட்டணமும் கூடுதல். வீட்டுக்குப் பக்கம் என்பதற்காக மட்டும் சேர்க்காதீர்கள்.

அப்புறம், விருப்பப் பட்டியல். கிடைக்காது என்று நினைத்துக் கோவை வேளாண்மையை எழுதாமல் விட்டுவிடாதீர்கள். தரவரிசைப்படி உங்கள் முறை வரும்போது பட்டியலை மேலிருந்து கீழாகத்தான் பார்ப்பார்கள். எட்டாததை முதலில் எழுதியதால் அடுத்தது கை நழுவாது. போன வருடம் உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவில் எந்த மார்க் வரை இடம் கிடைத்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கோவை வேளாண்மை முதலில் இருக்கட்டும். இரண்டாவது இடத்தில் எதை எழுதுவது என்பதை மட்டும் அம்மிணியிடமே விட்டுவிடுங்கள்.