விண்டோஸ் 11க்கு மாறிய பின் கோப்பு அழிய நேரமெடுக்கிறதா? யாழ்ப்பாண வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்தது. புதிய பதிப்புக்கு மாறியவர்கள் கேட்டவற்றில் சில இங்கே.

கல்யாணப் படம் எடுப்பவர், நல்லூர்: அண்ணா, பெரிய வீடியோ நொடியில் அழிகிறது. பழைய படங்கள் உள்ள கோப்புறையோ அசைவதாக இல்லை. ஏன்?

தம்பி, இங்கே அளவு பொருட்டல்ல, எண்ணிக்கைதான் பொருட்டு. வன்தட்டில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பதிவு உண்டு. அழிப்பது என்றால் அந்தப் பதிவை நீக்கி, இடத்தைக் காலி என்று குறிப்பது மட்டுமே. வீடியோவுக்கு ஒரு பதிவு, இருபதாயிரம் படங்களுக்கு இருபதாயிரம். போதாததற்கு, அழிக்கும் முன் விண்டோஸ் எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்கும். அழிக்கும் பெட்டியில் மேலதிக விபரத்தைத் திறந்தால், நொடிக்கு எத்தனை கோப்பு போகிறது என்பது தெரியும்.

விரைவான வழி, கட்டளைச் சாளரத்தில் (கமாண்ட் புரொம்ப்ட்) 'ஆர்டி /எஸ் /கியூ' என்பதை ஆங்கில எழுத்தில் தட்டி, கோப்புறையின் முழுப் பாதையைக் கொடுப்பது. இது எண்ணாது, கேட்காது, மீள்சுழற்சித் தொட்டிக்கும் அனுப்பாது. பாதையில் இடைவெளி இருந்தால் இரட்டை மேற்கோளுக்குள் இடுங்கள். இல்லாவிட்டால் 'கல்யாணம் 2019' என்பதை அழிக்கப் போய், பக்கத்தில் இருக்கும் 'கல்யாணம்' என்ற கோப்புறை போய்விடும். மணமக்களுக்கு யார் பதில் சொல்வது?

போட்டோகொப்பிக் கடை நடத்துபவர், திருநெல்வேலி: ஒரேயொரு சிறிய பிடிஎப் அழியக்கூட ஒரு நிமிடம் ஆகிறது.

அக்கா, இது வேறு நோய். அந்தக் கோப்பை ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறது. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் டிஸ்க் நிரலில் முன்னுக்கு நிற்பது எது என்று பாருங்கள். மாறிய புதிதில் தேடல் அட்டவணை மீண்டும் கட்டப்படுவதுண்டு, அது தானாக அடங்கும். காலாவதியான வைரஸ் தடுப்பு மென்பொருள் மிஞ்சியிருந்தால் அகற்றுங்கள். விண்டோஸின் சொந்த வைரஸ் காவலை மட்டும் நிரந்தரமாக நிறுத்த வேண்டாம். ஊரில் உள்ள எல்லாப் பென்டிரைவும் வந்து போகும் கடை உங்களுடையது.

கோப்பின் அருகே முகில் அல்லது பச்சைச் சரி அடையாளம் தெரிந்தால், அது மைக்ரோசொப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவுடன் இணைந்திருக்கிறது. ஒத்திசைவைச் சற்று இடைநிறுத்தி அழித்துப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், சாவகச்சேரி: 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற கோப்புறையை அழிக்க அனுமதி இல்லை என்கிறது.

ஐயா, அதனுடன் மல்லுக்கட்ட வேண்டாம். பழைய பதிப்புக்குத் திரும்புவதற்காக வைக்கப்பட்டது அது. வழமையாகப் பத்து நாட்களில் தானே நீங்கும். அவசரமென்றால் அமைப்புகளில் சேமிப்பகம், தற்காலிகக் கோப்புகள் என்று போய், முந்தைய விண்டோஸ் நிறுவலைத் தெரிவுசெய்து நீக்கலாம். பிறகு திரும்ப வழியில்லை.

மாணவி, கொக்குவில்: அழிப்பது மட்டுமல்ல, திறப்பதும் பிரதி எடுப்பதும் மெதுவாகவே இருக்கின்றன. போர்மட் செய்யச் சொல்கிறார்கள்.

பொறுங்கள் தங்கச்சி. எல்லாமே இழுபட்டால் முதலில் வன்தட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டால் வேறெதையும் தொடாமல் ஆய்வுக்கட்டுரையை வெளியே பிரதி எடுங்கள். பழுதாகும் வன்தட்டைப் போர்மட் செய்தாலும் அது பழுதானதுதான். போர்மட்டுக்குக் கொடுக்கும் காசை, சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டிக்குப் போடுங்கள்.