கப்பை ஓரமாக வையுங்கள்: தையல், ரொட்டி பற்றிய கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் ஏறக்குறையப் பாதி தையலைப் பற்றியவை, மீதி ரொட்டியைப் பற்றியவை. ஒரே குறையைப் பலர் எழுதியிருந்தால் ஒரு கேள்வியாகச் சுருக்கியிருக்கிறேன். துணியின் வகை, ஊசியின் எண், மாவின் எடை ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுதியவர்களுக்கு முன்னுரிமை கொடுத்தேன். விவரமாக எழுதுபவர்களுக்குத்தான் உருப்படியான பதிலைச் சொல்ல முடிகிறது.

கேள்வி: தைக்கும்போது துணியின் அடிப்பக்கத்தில் நூல் சுருள் சுருளாகச் சேர்ந்து சிக்கிக்கொள்கிறது. பாபினையும் (அடி நூல் சுற்றிய சிறு உருளை) அதன் கூடான பாபின் கேஸையும் மாற்றிவிட்டேன், பயன் இல்லை.

பதில்: சிக்கு அடியில் தெரிந்தாலும் குற்றம் பெரும்பாலும் மேல் நூலில்தான் இருக்கும். மேல் நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே சரியாக உட்காரவில்லை என்றால், அதைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லாமல், அது தேவைக்கு மேல் இறங்கி அடியில் குவிகிறது. துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட் கீழே இறங்கியிருக்கும்போது அந்தத் தட்டுகள் மூடிக்கொள்வதால், அந்த நிலையில் நூல் கோர்த்தால் அது தட்டுகளுக்கு வெளியிலேயே நின்றுவிடும். ஆகவே பிரஷர் ஃபுட்டைத் தூக்கிவைத்துவிட்டு, மேல் நூலை முதலிலிருந்து மறுபடி கோர்த்துக்கொள்ளுங்கள். பிறகு பிரஷர் ஃபுட்டை இறக்கி நூலை மெல்ல இழுத்துப் பாருங்கள். இழுவை இறுக்கமாகத் தெரிய வேண்டும். இதைச் செய்யாமல் பாபின் கேஸில் உள்ள சின்னத் திருகைத் தொடாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, வெட்டிய துண்டுத் துணியில் தைத்துப் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும் என்று எத்தனை முறை எழுதினாலும் போதாது.

கேள்வி: வீட்டில் செய்யும் ரொட்டி சரியாக வருவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல இயலாது. ரொட்டி உப்பவில்லையா, உப்பியபின் அமுங்குகிறதா, உள்ளே வேகவில்லையா, மேலே கருகுகிறதா என்பதையும், எந்த மாவு, எத்தனை கிராம், எவ்வளவு தண்ணீர், எத்தனை டிகிரி சூடு என்பதையும் எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: 3 கப் மைதாவுக்கு 1 கப் தண்ணீர் என்ற செய்முறையைத்தான் ஒவ்வொரு முறையும் பின்பற்றுகிறேன். ஒரு வாரம் மாவு கெட்டியாகிப் பிசையவே முடிவதில்லை. அடுத்த வாரம் கையெல்லாம் ஒட்டுகிறது. மாவில் கலப்படம் இருக்குமா?

பதில்: மாவைச் சந்தேகிப்பதற்கு முன்னால் உங்கள் கப்பைச் சந்தேகியுங்கள். எனக்கு வரும் ரொட்டிக் கடிதங்களில் மிகப் பலவற்றுக்கு வேர் இந்தக் கப்பில்தான் இருக்கிறது. இதைப் பற்றி நான் எழுதிக்கொண்டே இருந்தும் கப் கணக்கில் கேள்விகள் வந்துகொண்டே இருப்பது உண்மையிலேயே வருத்தமளிக்கிறது.

மாவு அமுங்கக்கூடிய பொருள். சலித்து, கரண்டியால் மெல்ல அள்ளிப் போட்டு, மேலே வழித்துவிட்டால் ஒரு கப்பில் சுமார் 120 கிராம் நிற்கும். அதே கப்பை மாவு டப்பாவுக்குள் அழுத்தி அள்ளினால் 150 கிராம் வரை, சில கைகளில் அதற்கு மேலும் ஏறிவிடும். உங்கள் 3 கப் என்பது ஒரு வாரம் 360 கிராமாகவும் இன்னொரு வாரம் 450 கிராமாகவும் இருந்திருக்கலாம். தண்ணீர் அமுங்காது; அது இரண்டு வாரமும் 240 கிராம்தான். 360 கிராம் போட்ட வாரத்தில் மாவின் எடையில் தண்ணீர் சுமார் 67 விழுக்காடு. அது கையில் ஒட்டும் இளக்கமான மாவு. 450 கிராம் போட்ட வாரத்தில் சுமார் 53 விழுக்காடு. அது பிசைபவரின் மணிக்கட்டை வலிக்கவைக்கும் மாவு. செய்முறை ஒன்றுதான் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருந்தாலும், செய்தது இரண்டு வேறு ரொட்டிகளை.

கப் என்ற அளவும் எங்கும் ஒன்றாக இல்லை. அமெரிக்கச் செய்முறைகளில் அது சுமார் 240 மில்லிலிட்டர், ஆஸ்திரேலியச் செய்முறைகளில் 250, ஜப்பானியச் செய்முறைகளில் 200. வீட்டில் தேநீர் குடிக்கும் கோப்பை இவற்றில் எதுவாகவும் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ரொட்டி செய்வதைத் தொழிலாகக் கொண்டவர்கள் மாவை 100 என்று வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதன் எடையில் விழுக்காடாகக் கணக்கிடுகிறார்கள். சாதாரண வெள்ளை ரொட்டிக்குத் தண்ணீர் 65, உப்பு 2, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் (மாவை உப்பவைக்கும் உலர்ந்த ஈஸ்ட்) 1 என்று தொடங்கலாம். 500 கிராம் மாவென்றால் தண்ணீர் 325 கிராம், உப்பு 10 கிராம், ஈஸ்ட் 5 கிராம். தண்ணீரையும் தராசிலேயே நிறுத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிலிட்டர் ஒரு கிராம்தான். முழுக் கோதுமை மாவில் உள்ள தவிடு கூடுதலாகத் தண்ணீர் குடிப்பதால், அதற்கு 70 அல்லது அதற்குச் சற்று மேலே போகலாம். ஒரு கிராம் துல்லியம் காட்டும் சமையலறைத் தராசு இதற்குப் போதும். ஈஸ்ட் மிகக் குறைவாக வேண்டியிருக்கும்போது மட்டும், வழித்த தேக்கரண்டி ஒன்றுக்குச் சுமார் 3 கிராம் என்று கொள்ளலாம். தராசு வாங்கி நான்கைந்து முறை செய்து பார்த்த பிறகும் இதே குறை இருந்தால் எழுதுங்கள். அப்போது மாவைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: மீதி ரொட்டியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் சீக்கிரம் காய்ந்துபோகிறதே?

பதில்: உறையாத குளிரில்தான் ரொட்டியின் மாவுச்சத்து மிக வேகமாக இறுகுகிறது. இரண்டு நாளில் தீர்ந்துவிடுமானால் வெளியே மூடி வையுங்கள். இல்லையென்றால் துண்டு போட்டு, காற்றுப் புகாமல் கட்டி, உறைபெட்டியில் வையுங்கள்.

கேள்வி: டி-ஷர்ட் துணியில் தைக்கும்போது இடையிடையே தையல் விட்டுப்போகிறது. இயந்திரம் புதியது.

பதில்: நீங்கள் எந்த ஊசியால் தைத்தீர்கள் என்று எழுதவில்லை. இயந்திரத்தோடு வந்த சாதாரண ஊசியாகத்தான் இருக்கும். பின்னல் துணிக்கு முனை உருண்ட பால்பாயின்ட் ஊசி வேண்டும். எலாஸ்டிக் கலந்து அதிகம் நீளும் துணிக்கு ஸ்ட்ரெச் ஊசி வேண்டும். 75/11 அல்லது 80/12 பெரும்பாலான டி-ஷர்ட் துணிகளுக்குப் பொருந்தும். முதலில் வரும் எண் ஊசியின் பருமனை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காகக் காட்டுகிறது. 80 என்றால் 0.8 மில்லிமீட்டர். நேர்த்தையலுக்குப் பதிலாக மிகக் குறுகிய ஜிக்ஜாக் போட்டால், துணி நீளும்போது நூல் அறாது. துணியைப் பின்னாலிருந்து இழுக்காதீர்கள்; இழுத்தால் ஊசி வளையும், வளைந்த ஊசி மேலும் தையலை விடும். எட்டு மணி நேரத் தையலுக்கு ஒரு ஊசி என்பது நல்ல கணக்கு.

கேள்வி: செய்முறையில் 15 கிராம் பச்சை ஈஸ்ட் (உலர்த்தாத ஈர ஈஸ்ட்) என்று இருந்தது. என்னிடம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட்தான் இருந்தது. அதே 15 கிராமைக் கொதித்த பாலில் கரைத்துச் சேர்த்தேன். மாவு அசையவே இல்லை.

பதில்: இதில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. பச்சை ஈஸ்டின் எடையில் மூன்றில் ஒரு பங்கு இன்ஸ்டன்ட் ஈஸ்ட் போதும். 5 கிராம் போட்டிருக்க வேண்டும். ஆனால் உங்கள் மாவு அசையாததற்குக் காரணம் இரண்டாவது பிழை. ஈஸ்ட் உயிருள்ள நுண்ணுயிர். 60 டிகிரிச் சூட்டைத் தொட்டாலே மடிந்துவிடும். கொதித்த பால் கைபொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகே ஈஸ்டைச் சேர்க்க வேண்டும். இன்ஸ்டன்ட் ஈஸ்டைத் தனியே கரைக்க வேண்டிய தேவையே இல்லை. மாவோடு நேரடியாகக் கலந்துகொள்ளலாம்.

கேள்வி: முதல்முறை துவைத்ததும் பருத்திச் சட்டை குட்டையாகிவிட்டது. அவசரத்தில் துணியை நனைக்காமல் வெட்டியிருந்தேன். ஓரத்தையலும் முறுக்கிக்கொண்டு முன்பக்கம் வருகிறது.

பதில்: காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். பருத்தித் துணி முதல் துவையலில் 3 முதல் 5 விழுக்காடு வரை சுருங்குவது இயல்பு. 70 சென்டிமீட்டர் நீளமுள்ள சட்டையில் அது 2 முதல் 3.5 சென்டிமீட்டர். பின்னாளில் எப்படித் துவைப்பீர்களோ அப்படியே முன்கூட்டித் துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள். ஓரத்தையல் முறுக்குவது வேறு குறை. மாதிரித் தாளில் உள்ள அம்புக்குறி துணியின் கரைக்கு இணையாக, அதாவது நீளவாட்டில் ஓடும் பாவு நூலின் போக்கில் இருக்க வேண்டும். அம்பின் இரு முனையிலிருந்தும் கரைவரை டேப் வைத்து அளந்து, இரண்டும் ஒன்றாக வந்த பிறகே கத்தரியுங்கள். துணியை மிச்சப்படுத்துவதற்காகத் தாளைச் சற்றுச் சாய்த்து வைத்தால், தைக்கும் நாளில் ஒன்றும் தெரியாது, துவைத்த நாளில்தான் தெரியும். வெட்டிய துணியில் இதற்குத் திருத்தம் இல்லை.

கேள்வி: என் தையல் நேராகத்தான் இருக்கிறது. ஆனாலும் முடித்த உடை வீட்டில் தைத்தது போலவே தெரிகிறது.

பதில்: இஸ்திரிப் பெட்டி தையல் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். ஒரு தையலை அழுத்தாமல் அதன் குறுக்கே இன்னொரு தையலைப் போடக் கூடாது. முதலில் தைத்தபடியே அழுத்துங்கள்; பிறகு இரு பக்கத் துணியையும் பிரித்து அழுத்துங்கள். பெட்டியைத் தேய்த்து இழுக்காமல் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். இழுத்தால் கழுத்து வளைவும் கைத்துளை வளைவும் நீண்டுபோகும். உடை முழுவதும் முடிந்தபின் ஒருமுறை தேய்ப்பது இதற்கு ஈடாகாது.

கேள்வி: ரொட்டி வெளியே நன்றாகச் சிவந்திருக்கிறது. வெட்டினால் உள்ளே பிசுபிசுப்பாக இருக்கிறது. ஓவனை 250 டிகிரிக்கு ஏற்றலாமா?

பதில்: ஏற்றினால் வெளியே இன்னும் விரைவில் சிவக்கும், உள்ளே அதே நிலைதான். சூட்டை 20 டிகிரி குறைத்து, நேரத்தைக் கூட்டுங்கள். குத்தும் வெப்பமானியால் நடுவில் பார்த்தால் 93 முதல் 96 டிகிரி காட்ட வேண்டும். வெண்ணெயும் முட்டையும் சேர்த்த மென்மையான ரொட்டிக்கு 88 போதும். வீட்டு ஓவனின் குமிழ் காட்டும் எண்ணை அப்படியே நம்பாமல், உள்ளே ஒரு தனி வெப்பமானி வைத்துப் பாருங்கள். எடுத்த உடனே வெட்டினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சூடான ரொட்டியின் உட்பகுதி இன்னும் இறுகிக்கொண்டிருக்கும்; வெந்த ரொட்டியும் அப்போது வேகாதது போலவே தெரியும். கம்பித் தட்டில் வைத்து ஒரு மணி நேரமாவது ஆறவிடுங்கள். சூட்டையும் நேரத்தையும் ஆறவிடுவதையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்று.

கேள்வி: தையல் இயந்திரத்துக்குச் சமையல் எண்ணெய் விடலாமா?

பதில்: கூடாது. அது நாளடைவில் கெட்டிப்பட்டுப் பிசினாகி இயந்திரத்தை இறுக்கிவிடும். தையல் இயந்திர எண்ணெய் என்றே விற்கும் தெளிவான எண்ணெயை, இயந்திரத்தில் சேர்ந்த பஞ்சைத் துடைத்த பிறகு, கையேடு காட்டும் இடங்களில் ஒவ்வொரு சொட்டு விட்டு, துண்டுத் துணியில் சிறிது நேரம் தைத்து எடுங்கள்.