ரயிலை நம்ப முடியவில்லை, கார் வாங்கிவிடலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. கூடுவாஞ்சேரியில் சொந்த வீட்டில் இருக்கிறோம். பாரிமுனையில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 38,000. கணவருக்கு மறைமலை நகரில் வேலை, 34,000. வீட்டுக் கடன் தவணை 21,500. தினமும் மின்சார ரயிலில்தான் போய் வருகிறேன். சீசன் டிக்கெட் மாதம் 200 ரூபாய்கூட வராது. ஆனால் வண்டி எப்போது வரும், எங்கே நிற்கும் என்று சொல்லவே முடியவில்லை. எக்ஸ்பிரஸ் போக வேண்டும் என்று வழியில் நிறுத்தி வைக்கிறார்கள். பராமரிப்பு வேலை என்று சில நாள் ரத்து. ஆபீஸில் மூன்று நாள் லேட் ஆனால் அரை நாள் சம்பளம் போய்விடும். எனக்கு மாதம் ஆறு நாளாவது லேட் ஆகிறது. அதற்குப் பயந்தே மாதம் ஏழெட்டுத் தடவை பாதியில் இறங்கி பைக் டாக்ஸி பிடிக்கிறேன். 7 லட்சத்தில் ஒரு கார் பார்த்திருக்கிறோம். கையில் 1 லட்சம் இருக்கிறது, மீதிக்குக் கடன். வாங்கலாமா? இல்லை, குரோம்பேட்டைப் பக்கம் வாடகைக்குப் போய்விடலாமா? மறைமலை நகரிலேயே 33,000 சம்பளத்துக்கு ஒரு வேலையும் வந்திருக்கிறது. இந்தக் கம்பெனியில் சேர்ந்து நாலு வருடம் நாலு மாதம் ஆகிறது.
- வாசகி, கூடுவாஞ்சேரி

பதில்: கார் வேண்டாம். அந்த மறைமலை நகர் வேலையைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும். ஆனால் அதற்கு முன்னால், ரயிலுக்காக நீங்கள் உண்மையில் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று பார்த்துவிடலாம். கடிதத்தில் 200 ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பாஸின் விலை மட்டும்தான்.

பைக் டாக்ஸி ஒரு தடவைக்கு 300 என்று வைத்தால் எட்டுத் தடவைக்கு 2,400. ஆறு நாள் லேட் என்றால் இரண்டு அரை நாள், அதாவது ஒரு நாள் சம்பளம்: 1,270. ஸ்டேஷனில் ஸ்கூட்டர் விட நாளுக்கு 20 வீதம் 480. பாஸோடு சேர்த்தால் மாதம் 4,350 ரூபாய். 2025-இல் ஜூலையிலும் டிசம்பரிலும் ரயில் கட்டணத்தை உயர்த்தியபோது புறநகர் ரயிலையும் சீசன் டிக்கெட்டையும் தொடவில்லை. அதனால் 'ரயில் மலிவு' என்றே எல்லோரும் சொல்கிறோம். கட்டணம் ஏறாதது உண்மைதான். ஆனால் நேரத்துக்கு வராத ஒவ்வொரு வண்டியும் உங்கள் சம்பளத்தில் கை வைக்கிறது. அந்தப் பணம் எந்த டிக்கெட்டிலும் அச்சாவதில்லை.

அதைத் திரும்பக் கேட்கவும் இங்கே வழியில்லை. முன்பதிவு செய்த ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், பயணத்தைக் கைவிட்டுப் பணத்தைக் கேட்கலாம். சீசன் டிக்கெட்டுக்கு அப்படி எதுவும் கிடையாது. பிரிட்டனில் பல ரயில் சேவைகளில் 15 நிமிடம் தாமதமானாலே அந்தப் பயணக் கட்டணத்தில் கால் பங்கு திரும்பக் கிடைக்கும், சீசன் டிக்கெட்காரர்களுக்கும் சேர்த்து. தினமும் ரயிலையே நம்பி வேலைக்குப் போகிறவர்களுக்கு இங்கும் அது வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, காருக்கு வருவோம். 6 லட்சம் கடன், ஏழு வருடம், 9.5 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 9,800. வட்டி மட்டும் மொத்தம் இரண்டேகால் லட்சத்தை நெருங்கும். கூடுவாஞ்சேரியிலிருந்து பாரிமுனை போய்வர 80 கிலோமீட்டருக்கு மேல். மாதம் 24 நாள் ஓட்டினால் 2,000 கிலோமீட்டர். ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கிடைத்தாலே பெரிய விஷயம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றாலும் 12,500. இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயர் எல்லாம் மாதத்துக்குப் பிரித்தால் 2,500. ஆக, பாரிமுனையில் பார்க்கிங்குக்கு என்ன கொடுப்பீர்கள் என்று சேர்க்காமலே கிட்டத்தட்ட 25,000. உங்கள் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அந்தச் சம்பளத்தை வாங்கப் போய்வருவதற்கே தீர்ந்துவிடும்.

இன்னொன்று, வீட்டுக் கடனோடு சேர்த்தால் தவணைகள் 31,300 ஆகிவிடும். இருவர் வருமானம் 72,000-இல் அது 43 சதவீதம். தவணை 40 சதவீதத்தைத் தாண்டிய குடும்பங்களில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலே கிரெடிட் கார்டில் கை வைப்பதைப் பார்த்திருக்கிறேன். கையிலிருக்கும் 1 லட்சம் உங்கள் வீட்டுத் தவணை ஐந்து மாதத்துக்குக்கூடப் போதாது. அதை முன்பணமாகக் கொடுத்துவிடாதீர்கள். வங்கி வைப்பில் போட்டு, அவசரத்துக்கு என்று அப்படியே விடுங்கள்.

வீடு மாறுவது காரை விடப் பரவாயில்லை. தாம்பரத்திலிருந்தே கிளம்பும் வண்டிகள் நிறைய இருப்பதால் குரோம்பேட்டையில் இவ்வளவு அல்லாட வேண்டியதில்லை. ஆனால் அங்கே வாடகை 18,000, உங்கள் வீட்டுக்கு வரும் வாடகை 10,000 என்று வைத்தால் மாதம் 8,000 கையை விட்டுப் போகும். அட்வான்ஸ் தனி. உங்கள் அலைச்சல் கொஞ்சம் கணவர் தலையில் ஏறும். 4,350 ரூபாய்ப் பிரச்சினைக்கு 8,000 ரூபாய்த் தீர்வு எனக்குச் சரியாகப் படவில்லை.

'சீக்கிரம் சரியாகிவிடும், அதுவரை பொறுப்போம்' என்று தேதி பார்த்துக் காத்திருக்கவும் நான் சொல்ல மாட்டேன். கடற்கரை - எழும்பூர் நாலாவது பாதைக்காக 2023 ஆகஸ்டில் பறக்கும் ரயிலைக் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்றார்கள், பதினான்கு மாதம் ஆனது. வேளச்சேரி - பரங்கிமலை இணைப்பு வெறும் 5 கிலோமீட்டர். 2008-இல் தொடங்கியது, அரை கிலோமீட்டர் நிலப் பிரச்சினையில் பதினைந்து வருடத்துக்கு மேல் இழுத்தது. அந்த ரயிலை நம்பி அந்தப் பக்கம் கடன் வாங்கி வீடு வாங்கியவர்கள், ரயில் வராமலேயே வருடக்கணக்கில் தவணை கட்டினார்கள். அறிவிப்பில் சொன்ன தேதியை வைத்துக் குடும்பக் கணக்கு போடாதீர்கள்.

நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பைக் டாக்ஸிக்குப் பதில் மெட்ரோ. வண்டி இழுக்கிறது என்று தெரிந்தால் திரிசூலத்தில் இறங்குங்கள். எதிரிலேயே விமான நிலைய மெட்ரோ. கிண்டிவரை வந்துவிட்டால் கிண்டியிலும் ஏறலாம். அங்கிருந்து நேராக உயர் நீதிமன்றம் நிலையம், வெளியே வந்தால் பாரிமுனை. அதிகபட்சக் கட்டணமே 50 ரூபாய், கியூஆர் டிக்கெட் எடுத்தால் அதிலும் 20 சதவீதம் குறையும். திரிசூலத்துக்கு முன்னாலேயே வண்டி நின்றுவிட்டால், விமான நிலையம் வரை பஸ். எட்டு நாளுக்கு 2,400 செலவான இடத்தில் 400 போதும். கூடவே, உங்கள் மேலாளரிடம் வேலை நேரத்தை அரை மணி தள்ளி வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். மாலையில் அரை மணி கூட இருப்பதாகச் சொல்லுங்கள். இரண்டு மாதம் எந்த நாள் எத்தனை நிமிடத் தாமதம் என்று குறித்து வைத்த தாளைக் காட்டிக் கேட்டால் மறுப்பது கஷ்டம்.

இப்போது அந்த வேலை. சம்பளத்தில் 5,000 குறைகிறதே என்று தயங்குகிறீர்கள். மேலே சொன்ன மாற்றங்கள் எல்லாம் கைகூடினாலும் ரயிலுக்கு மாதம் ஆயிரம் ரூபாயாவது ஆகும். கணவரோடு ஒரே வண்டியில் போனால் அதுவும் மிச்சம். அப்போது நீங்கள் உண்மையில் இழப்பது 4,000 ரூபாய். திரும்பக் கிடைப்பது தினம் மூன்று மணி நேரம், மாதம் எழுபது மணி நேரத்துக்கு மேல். ஒரு மணிக்கு அறுபது ரூபாய்கூட இல்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் போய்விடுவேன்.

ஆனால் இன்றைக்கே அல்ல. வேலையை விடும்போது கம்பெனி மொத்தமாகத் தரும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) ஐந்து வருடம் முடிந்தால்தான் கிடைக்கும். உங்கள் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 20,000 என்றால், அது கிட்டத்தட்ட 57,700 ரூபாய். இன்னும் எட்டு மாதம்தான். புதிய கம்பெனியிடம் சேரும் தேதியைத் தள்ளி வைக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் இந்த வாய்ப்பை விட்டுவிட்டு, ஏழாவது மாதத்திலிருந்து அதே பகுதியில் வேறு வேலை தேடுங்கள். 33,000 என்பது கைக்கு வருவதா, பி.எஃப். பிடிக்கும் முன்னாலா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மாறும்போது பி.எஃப். பணத்தை எடுக்காமல் புதிய கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

பாஸைப் பொறுத்தவரை, மூன்று மாதப் பாஸ் மாதப் பாஸைப் போல் 2.7 மடங்கு, அரையாண்டுப் பாஸ் 5.4 மடங்கு, ஆண்டுப் பாஸ் 10.8 மடங்கு. ஒவ்வொன்றிலும் பத்து சதவீதம் மிச்சம். ஆண்டுப் பாஸ் எடுத்துப் பாதியில் நின்றால் மீதிப் பணம் வராது. அதனால் அரையாண்டுப் பாஸ் ஒன்று, அது முடிந்ததும் மாதப் பாஸ் இரண்டு எடுங்கள். எட்டு மாதத்துக்கு அது சரியாக வரும்.