சர்க்யூட் போர்டில் எர்த்தும் இடைவெளியும்: வாசகர் கேள்விகள்

நானே செய்த 12 வோல்ட் அடாப்டர். அவுட்புட் வயரைத் தொட்டால் லேசாக விர்ரென்கிறது. டெஸ்டரும் மங்கலாக எரிகிறது. லீக்கேஜா?

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நீல நிறத்தில் வட்டமாக ஒரு கெபாசிட்டர் இருக்கிறதா? மெயின்ஸ் பக்கத்தையும் அவுட்புட் பக்கத்தையும் இணைப்பது அதுதான். இரைச்சலைக் குறைக்க வேண்டுமென்றே போடுவது. 2.2 நானோஃபாரட் என்றால் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் அதிகம் போனால் 0.16 மில்லிஆம்பியர் கசியும். விரலுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

ஆனால் அதன் மேல் ‘ஒய்1’ என்று அச்சிட்டிருக்க வேண்டும். அந்த ரகம் எளிதில் ஷார்ட் ஆகாதபடி சோதித்து வருவது. என்னிடம் சர்வீசுக்கு வந்த ஓர் அடாப்டரில் அதே இடத்தில் சாதாரண 1 கிலோவோல்ட் செராமிக் டிஸ்க் இருந்தது. நிறமும் வடிவமும் அச்சு அசல் ஒன்றுபோலவே! அது ஷார்ட் ஆனால் மெயின்ஸ் நேராகக் கைக்கு வரும். எழுத்தைப் படித்துப் பார்க்காமல் மறுபடி தொடாதீர்கள்.

போர்டில் 230 வோல்ட் டிராக்கிலிருந்து (செப்புக் கோடு) அவுட்புட் டிராக்குக்கு 3 மி.மீ. விட்டிருக்கிறேன். மேலே பச்சை மாஸ்க் இருக்கிறதே, போதாதா?

போதாது. மாஸ்க் சால்டர் ஒட்டாமலிருக்கப் பூசியது; இன்சுலேஷன் கணக்கில் அதைச் சேர்ப்பதில்லை.

தூரம் இரண்டு வகை. போர்டு மேல் எறும்பு ஊர்ந்து போகும் தூரம் ஒன்று, கொசு நேராகப் பறக்கும் தூரம் மற்றொன்று. வீட்டு மெயின்ஸ், சாதாரண அறைத் தூசி, வழக்கமான எஃப்ஆர்-4 (கண்ணாடியிழை) போர்டு என்றால், கை படும் பக்கத்துக்கும் மெயின்ஸுக்கும் நடுவே எறும்புத் தூரம் குறைந்தது 5 மி.மீ. வேண்டும். நான் 6.4-க்குக் கீழே இறங்குவதில்லை. சால்டர் வைக்கும்போது மிஞ்சும் ஃப்ளக்ஸ் பிசுக்கில் தூசியும் ஈரமும் சேர்ந்தால் மின்சாரம் ஓடும் கரிக்கோடு விழுவதைப் பார்த்தவன்.

இடம் இல்லையா? இரு பக்கத்துக்கும் நடுவே ஒளி வழியாகச் சிக்னல் கடத்தும் ஆப்டோகப்ளருக்கு அடியில், போர்டில் 1 மி.மீ.க்குக் குறையாத அகல ஸ்லாட் (பிளவு) வெட்டுங்கள், எறும்பு சுற்றித்தான் போகும். கொசுவுக்கு அது பொருட்டே இல்லை.

எர்த்தையும் சர்க்யூட் கிரவுண்டையும் சேர்க்கலாமா?

எந்த கிரவுண்ட்? அவுட்புட் பக்கம் என்றால் பெரும்பாலும் சேர்க்கலாம். ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் டையோடுக்குப் பின்னால் வரும் மெயின்ஸ் பக்க கிரவுண்டைச் சேர்த்தால் ‘டப்’தான். எர்த்தோடு இணைந்திருக்கும் ஆசிலோஸ்கோப் கிளிப்பை அங்கே மாட்டிப் பலரும் இப்படித்தான் கற்றுக்கொள்கிறோம்.

இரும்புப் பெட்டி என்றால் எர்த் வயர் முதலில் பெட்டிக்குப் போகட்டும். பெயின்ட்டைச் சுரண்டி, ரிங் லக்கும் பல் வாஷரும் போட்டு இறுக்குங்கள். போர்டின் மெல்லிய டிராக் வழியாக எர்த்தைக் கொண்டுபோகாதீர்கள். ஃபியூஸ் போவதற்கு முன்னால் அது எரிந்துவிடும்.

ஊட்டியில் வைக்கப் போகும் கருவி. இடைவெளிக் கணக்கு மாறுமா?

மாறும். கொசுத் தூரத்துக்கான அட்டவணைகள் 2000 மீட்டர் உயரம் வரைக்கும்தான், ஊட்டி சுமார் 2240. காற்று மெலிந்தால் பொறி சீக்கிரம் தாவும். 3000 மீட்டருக்குரிய பெருக்கெண் 1.14, அதையே எடுத்துக்கொண்டு, கொசுத் தூரம் 3 மி.மீ. வைத்த இடத்தில் 3.5 வையுங்கள்.