கையெழுத்து யாருடையது?

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்கு 66 வயது. மார்பில் புற்றுநோய் என்று போன வாரம் தெரிந்தது. திங்கட்கிழமை ஆபரேஷன். மார்பையே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் எங்களிடம் சொன்னார். அம்மாவிடம் 'சின்னக் கட்டி' என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம். "தெரிந்தால் ஒடிந்துபோவாள், நானே கையெழுத்துப் போடுகிறேன்" என்கிறான் அண்ணன். எனக்கு மனம் ஒப்பவில்லை.

செல்வி

அன்புள்ள செல்வி,

அண்ணன் போடக் கூடாது.

1995இல் டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர் உதிரப்போக்கு நிற்காமல் மருத்துவரிடம் போனார். லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராக் குழாயால் உள்ளே பார்க்கும் சோதனை, செய்து பார்க்கக் கையெழுத்திட்டார். அவர் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த அவருடைய தாயிடம் இன்னொரு கையெழுத்து வாங்கி, கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். 2008இல் உச்ச நீதிமன்றம் தாயின் சம்மதம் செல்லாது என்றது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை, மயக்கம் தெளிந்ததும் அவரையே கேட்டிருக்கலாம். அந்த அறுவை நோய்க்கு ஏற்றதுதான், நல்லெண்ணத்தில்தான் செய்தார்கள் என்பதையும் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அப்படியும் இழப்பீடு தரச் சொன்னது. எனக்கு இந்தத் தீர்ப்பில் பெரிதாகப் படுவது இதுதான். உங்கள் அண்ணனிடம் இருப்பதும் நல்லெண்ணம்தானே.

என் பெரியம்மாவிடம் நாங்களும் மறைத்தோம். வராந்தாவில் கிசுகிசுப்போம், உள்ளே போனதும் சிரிப்போம். ஒருநாள் என் கையைப் பிடித்து, "பீரோ சாவி எங்க இருக்குன்னு தெரியுமா?" என்றாள். "நீங்களே வந்து எடுப்பீங்க பெரியம்மா" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் போன நாலாம் மாதம் பீரோவில் அடகுச் சீட்டு கிடைத்தது. மகளுக்கென்று வைத்திருந்த சங்கிலி. அதற்குள் ஏலம் போயிருந்தது. அவள் பேச வந்த வாயை நான்தான் அடைத்தேன்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அம்மாவின் தலையில் கொட்டச் சொல்லவில்லை. "ரிப்போர்ட் வந்திருக்கும்மா, டாக்டர் சொல்றதை நீங்களே கேக்கிறீங்களா, நாங்க கேட்டுக்கட்டுமா?" என்று முதலில் கேளுங்கள். "நீங்களே பார்த்துக்கங்க" என்று அவர் சொன்னால், அது அவர் எடுத்த முடிவு, அதை மதிக்கலாம். ஆனால் மார்பை எடுக்கப்போகிறார்கள் என்பது மட்டும் கண்விழிக்கும்போது தெரியவரும் செய்தியாக இருக்கக் கூடாது.

திங்கட்கிழமைக்கு முன்பே டாக்டரிடம் நேரம் கேளுங்கள். படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அண்ணனும் பக்கத்தில் உட்காரட்டும். பேனா அம்மா கையில் இருக்கட்டும்.