ஓடும் பெல்ற்றைக் கம்பியால் சுரண்டலாமா?

கேள்வி: வவுனியா மாவட்டத்தில் கல் உடைக்கும் ஆலையொன்றின் மேற்பார்வையாளர் நான். மாரி காலத்தில் ஈரக் கல்தூள், கல்லைக் காவிச் செல்லும் கொன்வேயர் பெல்ற்றிலும், அது திரும்பும் கீழ் முனையிலுள்ள அடி உருளையிலும் அப்பிக்கொள்கிறது. லொறிகள் காத்து நிற்பதால் பொடியன்கள் ஆலையை நிறுத்தாமலே சுரண்டுகிறார்கள். நீளக் கம்பி கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது. பெல்ற் உருளையோடு சேரும் இடத்தில் கம்பியின் நுனி அகப்பட்டால், பிடித்திருப்பவர் அதை விடுவதற்கு முன்பே அவரை உள்ளே இழுத்துவிடும், அல்லது திரும்பிவந்து முகத்திலோ நெஞ்சிலோ அடிக்கும். செக்கனுக்கு 1.5 மீற்றர் வேகத்தில் ஓடும் பெல்ற் கால் செக்கனில் ஒன்றே கால் அடி நகர்ந்துவிடும். கம்பியிலிருந்து கையை எடுக்க எவருக்கும் அவ்வளவு நேரமாவது வேண்டும். தோளில் கிடக்கும் துவாயும் இடுப்புச் சாரமும் இதே வழியில்தான் சிக்குகின்றன.

ஆகவே சுரண்டுவதானால் ஆலை நிற்க வேண்டும். அவசரக் கயிற்றை இழுத்து நிறுத்தியதை நம்பி வேலையைத் தொடங்க வேண்டாம். அதை இன்னொருவர் விடுவித்து மோட்டரை இயக்கிவிடலாம். பிரதான சுவிட்சை அணைத்து, உள்ளே இறங்கும் ஒவ்வொருவரும் அந்தச் சுவிட்சில் தத்தமது பூட்டைப் போட்டு, திறப்பைத் தம்மிடமே வைத்திருக்கட்டும். பிறகு இயக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்தி, மோட்டர் அசையவில்லை என்று உறுதிசெய்யுங்கள். கரண்ட் போன நேரம் பார்த்து உருளையடியில் இறங்கும் வழக்கம் எனக்குப் பெரும் கவலை தருகிறது: சுவிட்ச் அணைக்கப்படாமல் இருந்தால், மின்சாரம் திரும்பும்போதோ ஜெனரேற்றர் தொடங்கும்போதோ சில ஆலைகளில் பெல்ற் தானாகவே ஓடத் தொடங்கும். சாய்ந்த பெல்ற்றில் கல் கிடந்தால் பாரத்தால் பெல்ற் பின்னோக்கி ஓடக்கூடும் என்பதால், முதலில் அதை வெறுமையாக ஓடவிட்டு நிறுத்துவது நல்லது.

அடிக்கடி சுரண்ட வேண்டியிருக்கிறது என்றால் கல் கொட்டும் முனையிலுள்ள தலை உருளையில் பொருத்திய சுரண்டியின் அலகைப் பாருங்கள். அது தேய்ந்தோ விலகியோ இருக்கும். மாற்றிப் பொருத்தும்போது இறுக்கும் சுருள்வில்லை முதலில் தளர்த்துங்கள். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் பெல்ற்றே தேயும். அடி உருளைக்கு முன்னால், திரும்பி வரும் பெல்ற்றின் உட்புறத்தில், ஆப்பு வடிவச் சுரண்டியொன்றைப் பூட்டினால் கல்லும் தூளும் உருளைக்குள் போகாமல் இரு பக்கமும் ஒதுங்கும்.

இயந்திரங்களின் ஆபத்தான பாகங்களுக்கு வேலியிட வேண்டும் என்று 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமே சொல்கிறது. கீழே கொட்டும் தூளை வெளியில் நின்றே வாரக்கூடியதாக உருளையைச் சுற்றி வலையடித்த காப்பை அமையுங்கள். சுத்தம் செய்வதற்காக அதைக் கழற்றினால், திரும்பப் பொருத்திய பின்னரே சுவிட்சிலுள்ள பூட்டுகளை எடுக்க விடுங்கள்.