ஒரு செமஸ்டர் ஜெர்மனியில்: பரிமாற்றத் திட்டம் பற்றி நீங்கள் கேட்டவை

போன வாரம் "பல்கலைக்கழகப் பரிமாற்றத் திட்டத்தில் போக நினைப்பவர்கள் கேளுங்கள்" என்று எழுதியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். பி.டெக். படிக்கும்போது நான் ஜெர்மனியின் மேற்கே உள்ள ரூர் பகுதியில் ஒரு செமஸ்டர் இருந்தேன். இப்போது ஒரு பொறியியல் கல்லூரியில் மாணவர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் வேலையில் இருக்கிறேன். அதனால் பதில்கள் ஜெர்மனியைச் சுற்றியே இருக்கும்.

திருச்சி, இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல்: அக்கா, பரிமாற்றத்தில் போனால் ஃபீஸே கிடையாது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை தம்பி. இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் ஒப்பந்தம் இருந்தால், வழக்கமான ஃபீஸை இங்கே கட்டினால் போதும், அங்கே கல்விக் கட்டணம் கேட்க மாட்டார்கள். செமஸ்டர் பங்களிப்பு என்று ஒரு தொகை மட்டும் உண்டு. அது ஊருக்கு ஊர் மாறும். பல ஊர்களில் பஸ், ரயில் பாஸும் அதிலேயே அடங்கிவிடும்.

உண்மையில் திணறவைப்பது விசாவுக்கான பிளாக்ட் அக்கவுண்ட்தான், அதாவது செலவுக்கான பணத்தை முன்கூட்டியே போட்டு முடக்கி வைக்கும் கணக்கு. 2024 செப்டம்பரிலிருந்து மாதத்துக்கு 992 யூரோ கணக்கில் காட்டச் சொல்கிறார்கள். ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ, அதாவது ஐந்து லட்சத்தைத் தாண்டிவிடும். அது உங்கள் பணம்தான், அங்கே போனதும் மாதாமாதம் உங்களுக்கே வரும். ஆனால் போவதற்கு முன்பு மொத்தமாகப் புரட்ட வேண்டும், வீட்டில் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். டி.ஏ.ஏ.டி. (ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பு) அல்லது எராஸ்மஸ் பிளஸ் உதவித்தொகை கிடைத்து, அந்தத் தொகை போதுமானதாக இருந்தால் இந்தச் சுமை குறையும். எராஸ்மஸ் 1987-இல் ஐரோப்பிய மாணவர்களுக்காகத் தொடங்கிய திட்டம். 2015 முதல் நம் பல்கலைக்கழகங்களும் அதில் சேரலாம். ஆனால் உங்கள் கல்லூரிக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் ஒப்பந்தம் இருக்கிறதா என்பதை முதலில் விசாரியுங்கள். அது இல்லாமல் மற்ற எதுவும் நகராது.

கோவை, மூன்றாம் ஆண்டு: எந்த செமஸ்டரில் போவது நல்லது?

இதை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. அங்கே குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடிகிறது. வகுப்புகள் பிப்ரவரித் தொடக்கம் வரை, அதன் பிறகுதான் தேர்வுகள். நம் ஊரிலோ ஒற்றைப்படை செமஸ்டர் ஜூலை, ஆகஸ்டில் தொடங்கிவிடும், அடுத்தது டிசம்பர், ஜனவரியில் வந்துவிடும். ஆக, ஒரு குளிர்காலத்துக்குப் போனால் இங்கே இரண்டு செமஸ்டரிலும் கை வைத்த மாதிரி ஆகும். பிப்ரவரியில் அங்கே தேர்வு எழுதிக்கொண்டிருக்கும்போது இங்கே வருகைப்பதிவு குறைந்துகொண்டிருக்கும்.

என் யோசனை: இறுதி ஆண்டு புராஜெக்டுக்கான செமஸ்டரில், ஏப்ரலில் தொடங்கும் கோடை செமஸ்டருக்குப் போங்கள். ஆய்வகத்தில் சேர்ந்து புராஜெக்ட் செய்தால் நாள் கணக்கு அவ்வளவு இடிக்காது. ஆனால் இங்கே புராஜெக்டைச் சமர்ப்பிக்கக் கூடுதல் அவகாசம் தருவதாகத் துறையில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பாடங்கள்தான் படிக்க வேண்டும் என்றால் முழு ஆண்டும் போக முடியுமா என்று கேளுங்கள்.

மதுரை: அங்கே படித்த பாடங்களை இங்கே ஏற்றுக்கொள்வார்களா? சீனியர் ஒருவருக்கு ஒரு வருடம் போய்விட்டது என்கிறார்.

எனக்கே ஒரு பாடம் போனது. நான்கு பாடங்கள் எடுத்தேன். மூன்றை இங்கே ஏற்றுக்கொள்வதாக முன்பே கையெழுத்து வாங்கியிருந்தேன். நான்காவது பாடத்தை அங்கே போன பிறகு மாற்ற வேண்டியிருந்தது. துறைத்தலைவரிடம் போனில் கேட்டேன். "சரிம்மா, பார்த்துக்கலாம்" என்றார். நல்ல மனிதர், நம்பினேன். திரும்பி வந்தபோது அந்த நாற்காலியில் வேறொருவர் இருந்தார். சிலபஸ் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டார். அந்தப் பாடத்தை ஜூனியர்களோடு உட்கார்ந்து மறுபடி படித்து எழுதினேன். அதனால்தான் இப்போது என்னிடம் வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் வாய்ப்பேச்சை நம்பாதீர்கள் என்று கெஞ்சுகிறேன்.

எந்தெந்தப் பாடங்களை அங்கே படிக்கப் போகிறீர்கள் என்று எழுதும் லேர்னிங் அக்ரிமென்ட் என்ற படிவத்தில் நீங்கள், உங்கள் துறை, அங்குள்ள பல்கலைக்கழகம் என மூன்று கையெழுத்தும் விமானம் ஏறும் முன்பே இருக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு துறைக்கும் மோடுல்ஹான்ட்புக் என்று ஒரு பிடிஎஃப் உண்டு. ஒவ்வொரு பாடத்திலும் என்ன நடத்துகிறார்கள், எத்தனை மணி நேரம், தேர்வு எப்படி என்று எல்லாம் அதில் இருக்கும். அதை இடப்பக்கமும் நம் சிலபஸை வலப்பக்கமும் வைத்து ஒரு தாளில் அட்டவணை போடுங்கள். துறைத்தலைவருக்கு அதைப் பார்த்தாலே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். போன பிறகு பாடத்தை மாற்றினால் அன்றே மின்னஞ்சல் போட்டு, பதிலும் வாங்கிவிடுங்கள்.

கிரெடிட்டை எண்ணுக்கு எண் ஒப்பிடாதீர்கள். அங்கே ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது நீங்கள் வீட்டில் படிப்பதையும் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. மதிப்பெண்ணும் தலைகீழ்: 1.0 தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. என் 1.3-ஐப் பார்த்துவிட்டு அப்பா இரண்டு நாள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் நானே விளக்கினேன்.

சென்னை, இறுதி ஆண்டு: ஜெர்மன் தெரியாமல் போகலாமா?

பி.டெக். மாணவர் என்றால் கவனம் தேவை. அங்கே இளநிலை வகுப்புகள் பெரும்பாலும் ஜெர்மனில்தான். ஆங்கிலப் பாடங்கள் முதுநிலையில்தான் அதிகம், அவற்றில் உட்கார அனுமதி கேட்க வேண்டும். எப்படியும் ஜெர்மன் மொழியின் முதல் இரண்டு நிலைகளான ஏ1, ஏ2 முடித்துவிட்டுப் போங்கள். நகராட்சியிலிருந்து வரும் கடிதம், வாடகை ஒப்பந்தம் எல்லாமே ஜெர்மனில் வரும். வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், மறக்காதீர்கள்.

வேலூர்: வகுப்பு எப்படி இருக்கும்?

பத்து மணி வகுப்பு என்றால் அட்டவணையில் பக்கத்தில் "சி.டி." என்று போட்டிருக்கிறதா பாருங்கள். போட்டிருந்தால் பத்தேகாலுக்குத்தான் தொடங்கும். "எஸ்.டி." என்றால் சரியாகப் பத்து. முதல் வகுப்பு முடிந்ததும் இருநூறு பேரும் மேசையை விரல் முட்டியால் தட்டினார்கள். ஏதோ தகராறு என்று பயந்துவிட்டேன். அங்கே கைதட்டலுக்குப் பதில் அதுதானாம். இரண்டாவது வாரத்தில் நானும் தட்டினேன்.

ஒன்று மட்டும் மிக முக்கியம். வகுப்புக்குப் போனால் தேர்வு எழுதிவிடலாம் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான இடங்களில் தேர்வுக்குத் தனியாகப் பதிய வேண்டும், அதற்குக் கடைசித் தேதி உண்டு. இன்டர்னல் மார்க் வந்து காப்பாற்றாது, பல பாடங்களில் அந்த ஒரே தேர்வுதான் எல்லாம்.

ஈரோடு: பகுதிநேர வேலை பார்த்துச் செலவைச் சமாளிக்கலாமா?

சட்டப்படி ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம். ஆனால் ஐந்தாறு மாதம் மட்டுமே இருக்கப் போகிறீர்கள், அதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

தஞ்சாவூர்: சாப்பாடு?

ரூர் பக்கம் என்றால் கவலையே வேண்டாம். ஈழத்தமிழர் கடைகளில் கறிவேப்பிலை, முருங்கைக்காய், குத்தரிசி எல்லாம் கிடைக்கும். பக்கத்திலேயே ஹம் நகரில் ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது, 2002-இல் கும்பாபிஷேகம் ஆனது. கோடையில் வரும் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் தமிழர்கள் வருகிறார்கள். சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், "எங்க இருந்து வாறீங்கள் பிள்ளை?" என்று கேட்டுவிட்டு என் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார். வேறு ஊர்களில் ஆசியக் கடையைத் தேடிப் பிடிக்க வேண்டும். சின்ன குக்கர் ஒன்று எடுத்துப் போங்கள்.

சேலத்திலிருந்து ஒரு தாய்: மகள் தனியாகப் போகிறாள் மேடம், பயமாக இருக்கிறது.

பயம் இருக்கத்தான் செய்யும் அம்மா. என் அம்மாவும் அப்படித்தான் இருந்தார். மாணவர் விடுதியில் இடம் கிடைத்ததா என்பதை மட்டும் கிளம்பும் முன்பு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள், அது கிடைத்தால் முக்கால்வாசிக் கவலை தீரும். டிசம்பரில் அங்கே நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அந்த மாதத்தில் பிள்ளைகள் கொஞ்சம் வாடிப்போவார்கள், குரலிலேயே தெரியும். அப்போது படிப்பைப் பற்றிக் கேட்காமல் வேறு ஏதாவது பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைகள் மூடியிருக்கும், அவளுக்கும் வெளியே வேலை இருக்காது. நம் நேரம் மாலை ஆறுக்குக் கூப்பிடுங்கள், குளிர்காலத்தில் அங்கே மதியம் ஒன்றரை. சமைத்துக்கொண்டிருப்பாள்.